கொல்லிமலையில் எழாத காற்றாலைகள்

புதிதாக இந்தத் துறைக்குள் வந்திருப்பவர்கள் என்னைக் கண்டால் தவறாமல் கேட்பது, "நீங்க எத்தனை காற்றாலைக்கு இடம் பார்த்துக் குடுத்திருக்கீங்க?" என்பதுதான். ஆரல்வாய்மொழிப் பக்கம் இத்தனை, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இத்தனை என்று நாட்குறிப்பைப் புரட்டித் தேதி, கிழமையோடு சொல்லிவிடுவேன். ஆனால் பணிக்காலத்தில் நான் செய்த வேலைகளில் எதை நினைத்துத் தலைநிமிர்கிறேன் என்று கேட்டால், ஒரு காற்றாலைகூட எழாத ஒரு மலைமுகட்டைத்தான் சொல்வேன். கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்கிற ஊர்த் தொகுதியில் இருக்கிறது அந்த முகடு. அங்கே இன்றும் சில்வர் ஓக் மரங்கள்தான் நிற்கின்றன. அவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது.

1997 செப்டம்பரில் அந்த முகட்டில் நாங்கள் காற்றளவுக் கம்பத்தை நிறுத்தினோம். இருபத்தைந்து மீட்டர் உயரக் குழாய். உச்சியில் காற்றுக்குச் சுழலும் மூன்று கிண்ணங்கள், அடியில் அவற்றின் சுற்றுகளை எண்ணி வேகமாக மாற்றிப் பதியும் பெட்டி. நிறுவனம் சிறியது. மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்த ஒரு நூற்பாலை முதலாளி, சொந்தக் காற்றாலைகள் போட முன்வந்திருந்தார். இடம் தேறுமா, தேறாதா என்று இரண்டு ஆண்டு அளந்து சொல்வது என் பொறுப்பு.

முதல் ஆண்டு எண்கள் எல்லா ஊர்க் காற்றையும் போலத்தான் வந்தன. வைகாசிக் கடைசியில் எழுந்து, ஆனி, ஆடி, ஆவணியில் கம்பமே ஊளையிடும்படி அடித்து, புரட்டாசியில் அடங்கிவிடும். ஐப்பசி தொடங்கி மாசிவரை சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

1998 ஐப்பசியில் ஓர் இடி கம்பத்தின் உச்சியைத் தாக்கிக் கிண்ணங்களைக் கருக்கியது. தலைமை அலுவலகத்திலிருந்து புதுக் கிண்ணத் தொகுப்பும் கூடவே அதே வகையில் உபரியாக ஒன்றும் வந்தன. கம்பத்தைச் சாய்த்து நானே மாட்டினேன். நானே நிமிர்த்தினேன். அதற்குப்பின் வந்த எண்கள் என்னை மயக்கிவிட்டன. கார்த்திகையிலும் காற்று. மார்கழியிலும் காற்று. தமிழ்நாட்டின் காற்றாலைகளெல்லாம் சும்மா நிற்கிற மாதங்களில் இந்த ஒரு முகட்டில் மட்டும் காற்று ஓயவில்லை!

இது எவ்வளவு பெரிய செய்தி என்பது உங்களுக்குப் புரியும். காற்று மின்சாரத்தின் நல்லதும் கெட்டதும் நமக்கு மனப்பாடம். நிலக்கரி வேண்டாம், சாம்பல் இல்லை, தண்ணீர் கேட்பதில்லை. கோபுரத்தின் காலடியிலேயே சோளம் விதைக்கலாம். அணைகள் வறண்டு கிடக்கிற ஆனி மாதத்தில் கைகொடுக்கும். ஆனால் நாம் கூப்பிடும்போது வராது. அதற்குத் தோன்றும்போதுதான் வரும். அது நின்றுவிட்டால் அந்த இடத்தை நிரப்ப வேறொரு நிலையம் அடுப்பை அணைக்காமல் காத்திருக்க வேண்டும். ஒரு நாடு தன் விளக்குகளுக்கு இதை நம்பலாமா என்று பேசுகிற எல்லாரும் இந்தக் கடைசி இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்வார்கள். அந்த முட்டுக்கு விடை வளப்பூர் நாட்டில் கிடைத்துவிட்டது என்று நம்பினேன். இடைக்கால அறிக்கையில் "முதல் ஆண்டின் தணிவு விதிவிலக்கு, இரண்டாம் ஆண்டே இவ்விடத்தின் இயல்பு" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்து மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

அந்த வாக்கியத்தை நம்பி வேலைகள் ஓடின. முகட்டில் வரிசையாக நின்ற சில்வர் ஓக் மரங்கள் காற்றை மறிக்கும் என்பதால் அவற்றை வெட்ட முடிவாயிற்று. அந்த நிலம் செல்லாயிக்குச் சொந்தம். கணவரை இழந்தவர், என் வயதுக்காரர், நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். கீழே சரிவில் சாமையும் மரவள்ளியும் போடுவார். ஆனால் ஆண்டு முழுக்கக் குடும்பத்தைத் தாங்கியது அந்த மரங்களில் ஏறியிருந்த மிளகுதான். மரத்தை வெட்டினால் கொடி சாகும். மறுபடி மரம் வளர்ந்து, கொடி ஏறிக் காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று அவருக்குத் தெரியும். என் முகத்துக்காகத்தான் சம்மதித்தார். "காத்து வருசம் பூரா அடிக்கும், குத்தகை வருசா வருசம் வரும்" என்று அவரிடம் சொன்னவன் நான். பாதி பழுத்திருந்த மிளகை அவசரமாகப் பறித்துக்கொண்டிருந்தார். 1999 பிப்ரவரி முதல் வாரம், புதன்கிழமை மரவெட்டிகள் வருவதாக ஏற்பாடு.

அந்த வாரத் திங்கட்கிழமை இன்னொரு வேலை இருந்தது. காற்றாலை இறக்கையை மலைமேல் கொண்டுபோக முடியுமா என்று பார்ப்பது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்து லாரிக்காரர் ஜமால் பாய்தான் எங்கள் சாமான்களையெல்லாம் ஏற்றி இறக்குபவர். அவர் ஒரு வழி சொன்னார்: இறக்கையின் நீளத்துக்கு மூங்கிலை ஒட்டுப்போட்டு லாரியில் கட்டிக்கொண்டு ஏறிவிடலாம், எங்கே இடிக்கிறதோ அங்கே சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டே போகலாம்.

போனோம். மூங்கில் பின்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் இறங்கிக் குறி போட, அவர் முன்னும் பின்னும் எடுக்க, மேலிருந்து வந்த பஸ் ஒன்று ஒதுங்க இடமில்லாமல் நின்றுவிட்டது. நடத்துநர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க பாய், எந்தக் கட்சிக் கொடிக்கம்பமுங்க இது?"

"காத்துக் கட்சிங்க. நீங்க மெம்பரா சேர்ந்துக்கறீங்களா?"

"சேருறனுங்க, மொதல்ல கம்பத்த என் டிரைவர் கண்ணுலருந்து எடுங்க!"

சில வளைவுகளை வெட்டி அகலப்படுத்தினால் இறக்கை ஏறிவிடும் என்று முடிவாயிற்று. மலையைக் குடைகிற வேலைதான். ஆனால் வருடம் முழுக்க அடிக்கிற காற்றுக்கு அது தகும் என்று எண்ணிக்கொண்டேன்.

நண்பகலில் முகட்டுக்குப் போனபோது, கம்பத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த பாறைக்களத்தில் செல்லாயியும் நாலைந்து பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். மிதித்துப் பிரித்த சாமை குவியலாகக் கிடந்தது. முறங்கள் கவிழ்ந்து கிடந்தன. காற்று வந்தால் உயரத் தூக்கிச் சரிப்பார்கள். பதர் பறந்துபோய்விடும், மணி காலடியில் விழும். யாரும் எழுந்திருக்கவில்லை.

செல்லாயி என்னைப் பார்த்ததும், "வாங்க சார். ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். ஆனி ஆடியில கொட்டகையத் தூக்குற மாதிரி அடிக்குதே, அதுல ஆகுற கரண்ட எடுத்து வச்சிருந்து தையில எரிச்சுக்கலாங்களா?" என்றார்.

"முடியாதுங்க. ஆனதும் செலவாயிரணும்."

"நாங்க சாமைய ரெண்டு வருசம் போட்டு வெக்கறமே?"

"கரண்ட அப்படி வெக்க இன்னும் வழி வரலைங்க."

"அட, உங்க கரண்டு அன்னாடங்காய்ச்சிதானா!" என்றார். பெண்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. காற்று மின்சாரத்தின் குறையை இதைவிடத் துல்லியமாக நான் படித்த எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. ஆனால் என்னிடம்தான் பதில் இருந்ததே. "அதனாலதாங்க உங்க மலை ஒசத்தி. மத்த ஊர்ல தையில காத்து கிடையாது. இங்க மட்டுந்தான் அடிக்குது" என்றேன்.

செல்லாயி என்னைப் பார்த்தார். பிறகு கவிழ்ந்து கிடந்த முறங்களைப் பார்த்தார்.

"எங்கீங்க அடிக்குது?"

"மேலே. கம்பத்துக்கிட்ட."

"மூணு நாளா இதே பாறையில குந்தியிருக்கறோம். பதரு பறக்கல. காத்து இருந்தா நாங்க எதுக்குங்க உங்களோட கத பேசிக்கிட்டு இருக்கறோம்?"

"கீழ இல்லாட்டியும் மேல இருக்கும்மா. உங்க மரம் மறைக்குது."

"போன தையிலயும் இதே மரந்தானுங்க நின்னுச்சு. இதே பாறைதானுங்க. அப்பவும் இப்படித்தான் குந்தியிருந்தோம். நீங்ககூட வந்து நோட்டுல எழுதிக்கிட்டுப் போனீங்க, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. ஆனால் எடுத்துப் பார்க்கவும் இல்லை.

மலைமேல் செம்மேட்டில் எனக்கு ஒரு வாடகை அறை இருந்தது. அன்று பிற்பகலே நாட்குறிப்பையும் பதிவுப் பெட்டியின் தாள்களையும் அருகருகே வைத்து உட்கார்ந்தேன். 1998 தையில் என் கையெழுத்து: "பெண்கள் இன்றும் காற்றுக்குக் காத்திருக்கிறார்கள். சாமை தூற்றவில்லை." அந்த நாட்களின் பதிவு விநாடிக்கு இரண்டு மீட்டரைக்கூட எட்டாத மென்காற்று. சரி. 1999 தையிலும் அதே பாறை, அதே மரம், அதே காத்திருப்பு. பதிவோ, இறக்கையைச் சுழற்றத் தேவையான காற்று. பதர் இரண்டு ஆண்டும் ஒரேமாதிரிதான் கிடந்திருக்கிறது. மாறியது என் கருவிதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் முகட்டுக்குப் போய், உச்சியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிவிட்டு, உபரியாக வந்திருந்த கிண்ணத்தைப் பதிவுப் பெட்டியில் இணைத்தேன். விரலால் மெதுவாக, சரியாக ஒரே ஒரு சுற்று சுற்றினேன். பெட்டி "2" என்று காட்டியது.

மறுபடி ஒரு சுற்று. மறுபடி இரண்டு.

பழைய கிண்ணம் ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு அனுப்பும் வகை. புதியது இரண்டு அனுப்பும் வகை. மாட்டும்போது பெட்டியிலும் அதை மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஐப்பசி முதல் கொல்லிமலைக் காற்றை இரண்டு மடங்காக எழுதிக்கொண்டிருந்தது வானமல்ல, நான்.

தவறு எல்லாருக்கும் நேரும் என்று உங்களுக்குச் சொல்ல இதை எழுதவில்லை. அது உங்களுக்கே தெரியும். தவறு நமக்குப் பிடித்த திசையில் நேரும்போது அது தவறு மாதிரியே தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன். எண்கள் பாதியாகக் குறைந்து வந்திருந்தால் அன்றைக்கே கம்பத்தைச் சாய்த்துக் கழற்றிப் பார்த்திருப்பேன். கூடி வந்ததால் அறிக்கை எழுதினேன்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேலாளரைக் கூப்பிட்டேன். கண்டிப்பானவர், எங்களில் பலருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். பொறுமையாகக் கேட்டார்.

"வியாழக்கிழமை மில் முதலாளி மலைக்கு வர்றார். இப்பப் போய் இதைச் சொல்றியா?"

"மரம் நாளைக்கு விழுந்துருங்க சார்."

"விழட்டும். ஆனி ஆடிக் காத்து நிஜம்தானே? நாலு மாசக் காத்தும் கரண்டுதான்யா. நாட்டுக்கு அதுவும் வேணும்."

"வேணும் சார். ஆனா மலைய வெட்டி ரோடு அகலப்படுத்தறது, அடிவாரத்துக்குக் கம்பி இழுக்கறது எல்லாத்தையும் பன்னிரண்டு மாசக் காத்துன்னு நம்பித்தானே போட்டிருக்கோம்? நாலு மாசக் காத்துக்குச் சமவெளியில, ரோட்டோரத்துலயே இடம் இருக்கே சார்."

"எண்ண அப்புறம் சரிபார்ப்போம். நீ யார்கிட்டயும் வாய் திறக்காதே" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம். அதனால்தான் அது ஆபத்தானது. முழுப் பொய்யை எதிர்ப்பது சுலபம். நாலு மாதக் காற்றும் நாட்டுக்குத் தேவைதான் என்ற உண்மையை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மாதம் என்ற பொய்யைக் காப்பாற்றச் சொல்கிறபோது எதிர்ப்பது கடினம். பூத்திலிருந்து வெளியே வந்தேன். மரத்தை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மரம் விழுவது என் எண்ணை நம்பி.

செல்லாயி வீட்டு வாசலில் பச்சை மிளகைக் காய வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: நான் எண்ணியது தப்பு, தையில் காற்று இல்லை, உங்களுக்குச் சொன்ன வாக்கு நிற்காது.

மிளகைப் பரப்பிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க சார், இந்த மலையில காத்து எப்ப வரும், எப்பப் போவும்னு கேட்டிருந்தா ஒரு வாய் காப்பித்தண்ணியோட சொல்லியிருப்பமே. அதுக்கு இத்தன ஒசரக் கம்பமுங்களா?"

"கேட்டிருக்கோணும். கேக்கல."

"இப்ப ஆளு வந்தா நான் வேண்டாம்னு எப்படிச் சொல்றது? காயிதத்துல ரேகை வெச்சுக் குடுத்திருக்கறேன். ஒங்க ஆபீசுக்காரங்க நானு பேச்சு மாத்தறேன்னு சொல்ல மாட்டாங்களா? நிறுத்தறதா இருந்தா நீங்கதான் நிறுத்தோணும்."

நியாயம்தான். மரவெட்டிகளை ஏற்றி வரப்போகிறவர் ஜமால் பாய். கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்துக் காரவள்ளியில் இறங்கினேன். அவர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், வண்டிய எடுக்கச் சொன்னது உங்க ஆபீசு. நிறுத்துன்னு நீங்க வாயில சொன்னா நாளைக்கு நான் யாருக்குங்க பதில் சொல்றது? எழுதிக் குடுங்க, நிறுத்திடறேன்."

லாரியின் பானட்டில் தாளை வைத்து எழுதினேன். காற்றளவில் இரட்டிப்புப் பிழை, பிழை என்னுடையது, மரவெட்டிகளை ஏற்ற வேண்டாம், நிறுத்தியது என் பொறுப்பில். கையெழுத்து, நாள், நேரம். ஜமால் பாய் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தார். பாதியில் நிறுத்தினார்.

"சார், நம்ம பழக்கத்துக்குச் சொல்றேன். ‘பிழை என்னுடையது’ன்னு போட்டிருக்கீங்களே, அத அடிச்சிட்டு ‘மிஷின் கோளாறு’ன்னு போடுங்க. மிஷினுக்கு வேல போயிராது. உங்களுக்குப் போயிரும்."

அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் இன்றுவரை பெருமையாக எண்ணுகிறேன். மனிதர் அன்பாகத்தான் சொன்னார். பேனாவும் என் கையில்தான் இருந்தது. இரண்டு சொற்கள். யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

"மிஷின் சரியாத்தான் எண்ணுச்சு பாய். நான்தான் அதுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். மிஷின் கெட்டதுன்னு எழுதினா, நாளைக்கு மிஷின மாத்தியாச்சுன்னு சொல்லி மரத்த வெட்டிருவாங்க."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப நாளைக்கு வண்டி மேல வருது. ஆனா கோடாலி இல்லாம வருது" என்றார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு லாரியின் சத்தம் கேட்டது. இறங்கியது மேலாளர். முதல் நாள் பிற்பகலே கிளம்பி, அடிவாரத்தில் தங்கி, மரம் விழுவதைத் தானே நின்று பார்க்க வந்தவர். காரவள்ளியில் ஜமால் பாய் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். எழுபது வளைவும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாராம்.

இறங்கியதும் நேரே கம்பத்தடிக்கு நடந்தார். பெட்டியில் இணைத்தபடியே வைத்திருந்த உபரிக் கிண்ணத்தை நான் எடுத்து நீட்டினேன். தன் கையால் ஒரு சுற்று சுற்றினார். திரையைப் பார்த்தார். இன்னொரு முறை சுற்றினார். மூன்றாம் முறை, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தொட்டு எண்ணி, மிக மெதுவாக. இன்று எந்தக் கிண்ணத்தையும் உச்சிக்கு ஏற்றுவதற்கு முன் நீங்கள் கையால் ஒரு சுற்று சுற்றிப் பெட்டியைப் பார்க்கிறீர்களே, எங்கள் நிறுவனத்தில் அந்த வழக்கம் அந்தக் காலையில் பிறந்தது.

"வியாழக்கிழமை அவர்கிட்ட என்னய்யா சொல்றது?" என்றார். என்னைக் கேட்ட மாதிரியும் இருந்தது, மரங்களைக் கேட்ட மாதிரியும் இருந்தது.

"நாலு மாசம்னு சொல்லுவோம் சார். நானே சொல்றேன்."

உபரிக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, உச்சியிலிருந்து வரும் கம்பியை மறுபடி பெட்டியில் மாட்டினேன். அப்போது பாறைக்களத்துப் பக்கம் ஒரு சலசலப்பு. சில்வர் ஓக் இலைகள் வெள்ளையாகப் புரண்டு திரும்பின. ஐந்து நாட்களாக உட்கார்ந்திருந்த பெண்கள் முறத்தோடு எழுந்துவிட்டார்கள். செல்லாயி குவியலிலிருந்து அள்ளி உயரத் தூக்கிச் சரித்தார். பதர் ஒரு மஞ்சள் புகையாக நேரே எங்கள் மேல் வந்தது.

"ஏனுங்க, புதுசா வந்த சார்! அந்தப் பக்கம் நில்லுங்க, சட்டையெல்லாம் சொணையாப் போயிரும்!" என்று செல்லாயி கத்தினார்.

மேலாளர் நகரவில்லை. தோளில் பதர் விழ விழ, உச்சியில் சுழலத் தொடங்கியிருந்த கிண்ணங்களை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியின் திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விநாடிக்கு ஆறு மீட்டர் என்று காட்டியது.

"மூணு" என்றார் அவர். "எழுதிக்கோ."